எண்ட்கேம் மதிப்பிட டேபிள்பேஸ்: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

செஸ்ஸுக்குப் புதியவர்கள் எண்ட்கேமுக்கு, அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்துக்கு, வந்ததும் முதலில் காய்களைத்தான் எண்ணுவார்கள். எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறது, அப்போ ஜெயிப்பு என் பக்கம். நடு ஆட்டத்தில் ஓரளவு எடுபடுகிற இந்தக் கணக்கு, காய்கள் குறையக் குறைய காலை வாரிவிடும். லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்தில் நிலைகளை வைத்து ஆராயும் அனாலிசிஸ் போர்டையும், அதிலேயே இருக்கும் சிசிஜி (Syzygy) டேபிள்பேஸையும் (எண்ட்கேம் நிலைகளின் விடைத் தொகுப்பு) சில வருடங்களாகத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்கிறேன்.

ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் 7 காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அந்த நிலைக்கான விடை ஏற்கெனவே முழுதாகக் கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. 7 காய் சிசிஜி 2018-ல் முடிந்தது, அளவு 16 டெராபைட்டுக்கும் மேல். நாம் எதையும் இறக்க வேண்டாம், காசும் கிடையாது. போர்டில் புத்தகப் படத்தை அழுத்தினால் ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று வந்துவிடும். என்ஜின், அதாவது ஆட்டத்தைக் கணிக்கும் நிரல், +1.3 (சுமார் ஒரு சிப்பாய் அளவு வெள்ளைக்குச் சாதகம்) என்று காட்டினால் புதியவர் அதை வைத்து என்ன செய்வார்? எண்ட்கேமில் உண்மையில் மூன்றே பதில்கள்தான், டேபிள்பேஸ் அதை நேராகச் சொல்கிறது.

ஒரு நிலையை வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா இ5 (e கோட்டில் ஐந்தாம் கட்டம்), வெள்ளை சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7, வேறு எதுவும் இல்லை. வெள்ளை ஆட வேண்டுமென்றால் டிரா. கறுப்பு ஆட வேண்டுமென்றால் வெள்ளைக்கு வெற்றி, ஏனென்றால் கறுப்பு ராஜா எந்தப் பக்கம் விலகினாலும் வெள்ளை ராஜா மறுபக்கமாக ஆறாம் வரிசைக்குள் நுழைந்துவிடும். இப்போது சிப்பாயை மட்டும் ஒரு கட்டம் பின்னால், இ3-ல் வையுங்கள். யார் ஆடினாலும் வெள்ளைக்கு வெற்றி! வெள்ளை ஆட வேண்டிய நேரத்தில் சிப்பாயை இ4-க்குத் தள்ளி, முறையை எதிராளியிடம் கொடுத்துவிடலாம். சிப்பாய் முன்னேறியிருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம், இங்கே பின்தங்கியிருப்பதுதான் ஜெயிக்க வைக்கிறது. இப்படி ராஜாக்கள் நேருக்கு நேர் நின்று, ஆட வேண்டியவர் விலக நேரும் ஆப்பொசிஷன் பற்றி எத்தனை விளக்கம் படித்தாலும், ஒரே ஒரு காயை ஒரு கட்டம் நகர்த்தி விடை மாறுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது.

அதனால் என் பழக்கம் இதுதான்: முதலில் டேபிள்பேஸை மூடிவைத்துவிட்டு வெற்றியா டிராவா என்று நானே ஒரு முடிவுக்கு வருவேன், காரணத்தையும் ஒரு வரியில் எழுதிக்கொள்வேன், அப்புறம்தான் திறப்பேன். விடை சரியாக இருந்தாலும் அத்தோடு விடுவதில்லை. ராஜாவை ஒரு கட்டம் தள்ளி, ஆடும் முறையை மாற்றி, சிப்பாயை ஓரக் கோட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி பார்ப்பேன். ஓரக் கோடு தனி உலகம். வெள்ளைக்கு ஏ கோட்டுச் சிப்பாயும் கறுப்புக் கட்டங்களில் மட்டும் நகரும் பிஷப்பும் இருக்கின்றன, கறுப்பு ராஜா ஏ8-ல் போய் உட்கார்ந்துவிட்டது என்றால் டிரா. ஒரு பிஷப்பும் சிப்பாயும் கூடுதலாக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது, ஏ8 வெள்ளைக் கட்டம், அங்கிருந்து ராஜாவைத் துரத்த அந்த பிஷப்பால் ஆகாது.

இன்னொரு நல்ல உபயோகம் காய் மாற்றத்தில். ரூக் எண்ட்கேமில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும்போது ரூக்குகளை மாற்றிவிடத் துடிப்போம். போர்டு எடிட்டரில் மாற்றம் முடிந்தபின் வரும் நிலையை வைத்துக் கேளுங்கள்: மிச்சமிருக்கும் சிப்பாய் ஆட்டம் ஜெயிக்கிறதா? எண்ட்கேம் மதிப்பீட்டில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், காய் எண்ணிக்கை அதற்கப்புறம்.

குறைகளும் உண்டு. ஏன் என்று அது சொல்லவே சொல்லாது. தவிர, சிசிஜி தரும் எண் செக்மேட்டுக்கான தூரம் இல்லை, அடுத்த சிப்பாய் நகர்வு அல்லது வெட்டுக்கான தூரம், 50 நகர்த்தல் விதியை (சிப்பாய் நகர்வோ வெட்டோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கோரலாம்) மனதில் வைத்துக் கட்டப்பட்டது. அதனால் ஜெயிக்கும் நிலையில் தேவையே இல்லாமல் ஒரு காயைக் கொடுக்கும் நகர்த்தல்கூட சில சமயம் பட்டியலில் மேலே நிற்கும். அதை அப்படியே பின்பற்ற வேண்டாம், ஜெயிக்கும் நகர்த்தல்களில் உங்களுக்குப் புரிவதைத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, எல்லா டிராவும் அதற்கு ஒன்றுதான். ரூக்கும் பிஷப்பும் எதிராக ரூக் மட்டும் என்றால் பெரும்பாலான நிலைகள் டிரா. ஆனால் ரூக் மட்டும் வைத்திருப்பவருக்கு அது 50 நகர்த்தல் நீளும் சித்திரவதை, நல்ல ஆட்டக்காரர்களே தோற்றிருக்கிறார்கள். ரூக்கும் சிப்பாயும் எதிராக ரூக் மட்டும் என்ற ஆட்டத்தில் வரும் ஃபிலிடோர் நிலையும் டிராதான், ஆனால் அங்கே ரூக்கை எதிராளியின் ஆறாம் வரிசையில் நிறுத்தி, சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் பின்னால் போய் செக் கொடுக்கத் தெரிந்தால் போதும். இரண்டுக்கும் திரையில் ஒரே சொல். இந்த வித்தியாசம் தெரிய, 'இங்கிருந்து தொடர்' போய் அதே நிலையைக் கணினியோடு ஆடிப் பார்க்க வேண்டும். டிரா என்று காட்டிய நிலையை நீங்களே காப்பாற்றிக் காட்டும்வரை அதை டிரா என்று கணக்கில் எழுதாதீர்கள்.