இரண்டு அங்குல ரியூப் வளைக்கும் இயந்திரம்: பிடி ஏன் வழுக்குகிறது?

யாழ்ப்பாணத்தின் குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரித்துவிடுவதால், படிக்கட்டுக் கைப்பிடிக்கும் பல்கணித் தடுப்புக்கும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ரியூப்பையே கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்த வேலைகளுக்காக எமது பட்டறையில் வாங்கிப் பயன்படுத்தும், இரண்டு அங்குலம் வரை வளைக்கக்கூடிய மின் ஹைட்ரோலிக் இயந்திரத்தைப் பற்றியது இம்மதிப்பீடு. ஒரே அமைப்புடைய இயந்திரங்கள் பல பெயர்ப்பலகைகளுடன் இறக்குமதியாவதால் பெயரைச் சொல்வதில் பயனில்லை. ரியூப்பைத் தன்னைச் சுற்றி வளைக்கும், பள்ளமுள்ள சுழலும் டை (அச்சு), அதனோடு ரியூப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் டை, பின்னால் நின்று தாங்கும் அழுத்த டை, ரியூப் நசுங்காமல் உள்ளிருந்து தாங்கும் மான்ட்ரல் தண்டு என்று விவரித்தாலே தொழில் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மோட்டோர், சட்டம், கோணத்தை நிறுத்தும் சுவிச் ஆகியவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. ஓர் அங்குல ரியூப்பையும் ஒன்றரை அங்குல ரியூப்பையும் இயந்திரம் சுத்தமாக வளைக்கிறது. இரண்டு அங்குலத்துக்குப் போனதும்தான் வழுக்கல் தொடங்குகிறது. வளைவின் உட்பக்கத்தில் சுருக்கம் விழுகிறது. சுவிச் 90 பாகையில் நின்றாலும் கையில் கிடைக்கும் வளைவு அதற்குக் குறைவாக இருக்கிறது. கிளாம்ப் பிடித்த இடத்தில் நீளவாட்டில் கீறல்கள் தெரிகின்றன.

இயந்திரத்தோடு வந்த கையேடு இதற்குச் சொல்லும் ஒரே பரிகாரம் கிளாம்பை மேலும் இறுக்குவது. மெல்லிய சுவருடைய ரியூப்பில் அது நோயைவிட மோசமான மருந்து. ரியூப் நசுங்கி முட்டை வடிவமாகிறது, நசுங்கியபின் பிடிப்பு இன்னும் குறைகிறது. சுழலும் டை ரியூப்பை முன்னே இழுக்கும்போது, வளைவதற்கு உலோகம் காட்டும் எதிர்ப்பும், அழுத்த டையும் மான்ட்ரலும் உண்டாக்கும் உராய்வும் சேர்ந்து பின்னே இழுக்கின்றன. பின்னிழுக்கும் விசை பிடிப்பைவிட அதிகமானால் ரியூப் நழுவும். ஆகவே பிடிப்பைக் கூட்டுவதற்கு முன் பின்னிழுப்பைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே முறை. அழுத்த டையைத் தேவைக்கு மேல் இறுக்கி வைத்துவிட்டுக் கிளாம்பைக் குறை சொல்லும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு.

ஆனால் இந்த இயந்திரத்தில் கிளாம்பிலும் உண்மையான குறை இருக்கிறது. பிடிக்கும் பகுதியின் நீளம் ரியூப்பின் விட்டத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவு; வளைவின் ஆரை சிறிதாகும்போது அது மேலும் நீளவேண்டும். இதனோடு வந்த கிளாம்ப் டைகள் எல்லாம் ஒரே நீளம், 75 மில்லிமீற்றர். 25.4 மில்லிமீற்றர் ரியூப்புக்கு அது ஏறத்தாழ மூன்று மடங்கு, 50.8 மில்லிமீற்றர் ரியூப்புக்கோ ஒன்றரை மடங்கு மட்டுமே. எல்லா அளவுக்கும் ஒரே நீளத்தில் டை வெட்டிக் கொடுத்தவர் இரும்பை மிச்சப்படுத்தியிருக்கிறார். அதற்கான விலையை வாங்கியவர் வீணாகும் ரியூப்பில் செலுத்துகிறார்.

அடுத்தது அளவுப் பொருத்தம். சந்தையில் ‘இரண்டு அங்குலம்’ என்று விற்கப்படும் ரியூப்பில் 50.8 மில்லிமீற்றரும் உண்டு, வெறும் 50 மில்லிமீற்றரும் உண்டு. பின்னதை 50.8 டையில் வைத்தால் டையின் பள்ளம் ரியூப்பை முழுவதும் தழுவாமல் சில இடங்களில் மட்டும் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். தண்ணீர்க் குழாயின் கணக்கு வேறு. ஓர் அங்குலக் குழாய் என்பது உள்விட்டத்தை ஒட்டி வந்த பெயர். அதன் வெளிவிட்டம் 33 மில்லிமீற்றரைத் தாண்டும். ஆதலால் வேணியர் அளவுகோலால் அளக்காமல் எந்த ரியூப்பையும் இயந்திரத்தில் ஏற்றக்கூடாது. கிளாம்ப் மூடியபின் இரு டைகளுக்கும் இடையில் மெல்லிய இடைவெளி எஞ்சவேண்டும். டைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் விசை ரியூப்புக்குப் போகாமல் இரும்பிலேயே முடிந்துவிடும். டை தேய்ந்துவிட்டதா என்பதையும் இந்த இடைவெளியில் ஒரு கடதாசித் துண்டைச் செலுத்திப் பார்த்தே அறியலாம்.

கோணம் குறைவதெல்லாம் வழுக்கல் அல்ல. வளைத்து விட்டபின் உலோகம் சற்றே மீள்வது இயல்பு. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் அது சாதாரண இரும்பைவிடக் கூடுதல். மீள்வது என்றால் ஒரே கட்டு ரியூப்பில் துண்டுக்குத் துண்டு ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும், சுவிச்சில் சில பாகை கூட்டி வைத்தால் சரியாகிவிடும். வழுக்கல் ஒவ்வொரு துண்டிலும் வேறுபடும். கிளாம்பின் விளிம்பை ஒட்டி ரியூப்பில் மார்க்கர் பேனையால் ஒரு கோடு இட்டு வளைத்தால், கோடு நகர்ந்ததா இல்லையா என்பதிலேயே விடை இருக்கிறது. கோடு நகராமல் கோணம் மாத்திரம் ஒழுங்கின்றி மாறினால், சுழலும் டைக்கும் அச்சுத்தண்டுக்கும் குறுக்கே இன்னொரு கோடு இட்டுப் பார்க்கவேண்டும்; டையைத் தண்டோடு பூட்டும் சாவி தேய்ந்து டையே தண்டின்மேல் நழுவுவதும் உண்டு.

எண்ணெய் மான்ட்ரலுக்கும் அழுத்த டைக்கும் உரியது. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் ஒரு துளியும் இருக்கக்கூடாது. அந்த இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு ஏற்றினாலே சிறு வழுக்கல்கள் நின்றுவிடும். ஜீ.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வளைத்தபின் பள்ளத்தில் படியும் துத்தநாகத் துகளைக் கம்பித் தூரிகையால் எடுக்கவேண்டும். ஹைட்ரோலிக் பக்கத்தில் பார்க்கவேண்டியது அழுத்தமானி ஒன்றுதான்: வளையும் நேரத்தில் கிளாம்பின் அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கினால் சிலிண்டரின் சீலிலோ வால்விலோ கசிவு இருக்கிறது; முள் அசையாமல் நின்றும் வழுக்கினால் பிழை டையில்தான்.

விற்பனைக்குப் பின்னான சேவையைப் பாராட்ட முடியவில்லை. நீளமான டை கேட்டதற்கு, அது இந்த மாதிரிக்கு வருவதில்லை என்ற பதில்தான் கிடைத்தது. ஈற்றில் இங்குள்ள ஒரு லேத் பட்டறையிலேயே 125 மில்லிமீற்றர் நீளத்தில் புதிய கிளாம்ப் டையும், அதற்கு இணையாகச் சுழலும் டையின் நேரான பிடிப்பகுதியும் செய்வித்தோம். பள்ளத்தில் குறுக்கு வரிகளை மிக மெல்லிதாக வெட்டச் சொன்னோம். ஆழமாக வெட்டினால் பளபளப்பான ரியூப்பில் விழும் தழும்பை பஃப் போட்டு மெருகேற்றியும் மறைக்க முடியாது. 1.5 மில்லிமீற்றர் சுவருடைய இரண்டு அங்குல ரியூப்பின் உள்விட்டம் 47.8 மில்லிமீற்றர். அதைவிட மயிரிழை குறைவாகக் கடைந்த இரும்பு அடைப்பு ஒன்றைக் கிளாம்ப் பிடிக்கும் முனைக்குள் செருகியதும், நசுங்குமே என்ற அச்சமின்றி இறுக்க முடிந்தது. வழுக்கல் நின்றது.

ஒன்றரை அங்குலத்துக்கு உட்பட்ட வேலையே பெரும்பாலும் வரும் பட்டறைக்கு இந்த இயந்திரத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு அங்குலக் கைப்பிடி வேலை செய்பவர்கள் டை செய்விக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடவேண்டும். அப்படியும் கொடுத்த காசுக்குத் தகுந்த இயந்திரம்தான். வாங்கப் போகிறவர்கள் மோட்டோரின் குதிரைவலுவை விசாரிப்பதோடு நின்றுவிடாமல், தாங்கள் வழக்கமாக வேலை செய்யும் ரியூப்பில் ஒரு துண்டை எடுத்துச் சென்று, மார்க்கர் கோடு இட்டு, விற்பவர் முன்னிலையிலேயே 90 பாகைக்கு வளைக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். அதற்கு இணங்காதவரிடம் ஒவ்வொரு கிளாம்ப் டையின் நீளத்தையும் பள்ளத்தின் விட்டத்தையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.