2^67 − 1: எந்தச் சோதனைக்கு இந்த எண் பிடிபடுகிறது?

2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் 147573952589676412927 என்னும் 21 இலக்க எண்ணை, 1644இல் மெர்சென் தம் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். அது பகு எண் என்பதை 1876இல் லூக்கா நிறுவினார். 193707721 × 761838257287 என்ற பிரிப்பை 1903இல் ஃபிராங்க் கோல் அளித்தார். பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் கணிதப் போட்டிகளுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஓர் எண் பகா எண்ணா என்று அறிய எந்தச் சோதனை சிறந்தது என்று கேட்கும்போது, நான் இந்த எண்ணையே முன்வைப்பது வழக்கம்.

ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை போகவேண்டும்; அது ஏறத்தாழ 1,215 கோடி. ஆனால் இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 134k + 1 (k ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் இருக்க முடியும் என்பதால், k = 14,45,580 ஆகும்போதே சிறிய காரணி கிடைத்துவிடுகிறது. 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும் என்ற விதியையும் சேர்த்தால் வேலை பாதியாகும். கணினிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஃபெர்மா சோதனை விரைவானது. அடிமானமாக ஓர் எண்ணை எடுத்து, சோதிக்கும் எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே அது; வராவிட்டால் பகு எண். ஆனால் அடிமானமாக 2ஐ எடுத்தால் இங்கே பயனே இல்லை. 2^67ஐ இவ்வெண்ணால் வகுத்தால் மீதி 1. இவ்வெண்ணில் 1 குறைத்தால் அது 67ஆல் வகுபடும். ஆகவே பகு எண்ணாக இருந்தும் இது சோதனையில் தேறிவிடுகிறது. பகு எண்ணுக்கு அதிகபட்சம் கால்பங்கு அடிமானங்களே பொய் சொல்லும் (பகா எண் போலக் காட்டும்) என்ற உறுதியுள்ள, ஃபெர்மா சோதனையைக் கடுமையாக்கிய மில்லர்–ராபின் சோதனையும் 2ஐ வைத்தால் இதேபோல் ஏமாறும். 3ஐ வைத்தால் உண்மை வெளிப்படும்.

லூக்கா–லேமர் சோதனையில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து மீதி காண்பதை 65 முறை செய்தபின் 0 வந்தால் பகா எண், இல்லையேல் பகு எண். மெர்சென் வடிவ எண்களுக்கு (2இன் அடுக்கிலிருந்து 1 கழித்தவை) மட்டுமே இது பொருந்தும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். இந்த எண்ணைப் பொறுத்தவரை நான் அதைக் குறையாகக் கருதவில்லை.

2002இல் கான்பூர் ஐஐடியில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் கண்ட முறை எந்த எண்ணுக்கும் ஐயமற்ற விடை தருவது. பல்லுறுப்புக் கால அளவுக்குள், அதாவது இலக்கங்களின் எண்ணிக்கையின் ஒரு குறிப்பிட்ட அடுக்கை மிஞ்சாத நேரத்தில், முடிவது. கயால் பின்னர் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பணியாற்றியதால் இங்குள்ள மாணவர்களுக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. கோட்பாட்டில் பெரும் சாதனையான அது, நடைமுறை வேகத்தில் மற்றவற்றுக்குப் பின்தங்குகிறது.

இவற்றுள் வகுத்தல் முறையைத் தவிர எதுவும் காரணிகளைக் காட்டாது. காரணிகளே வேண்டுமென்றால் 1974இல் போலார்டு தந்த p − 1 முறையையே பரிந்துரைப்பேன். அடிமானத்தைப் பெரிய அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்து, வருவதற்கும் நம் எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி காண்பது இது; p என்ற பகாக் காரணியில் 1 குறைத்தது சிறு பகா எண்களாகப் பிரிந்தால் அந்தக் காரணி எளிதில் சிக்கும். 193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677 என்று சிறு பகா எண்களாகவே பிரிவதால், 2677 என்ற எல்லைக்குள் காரணி அகப்பட்டுவிடும். இங்கும் அடிமானமாக 2ஐ எடுக்கக் கூடாது. எடுத்தால் மீப்பெரு பொது வகுத்தியாக முழு எண்ணே திரும்பி வரும்.