அப்பாவை 'சார்' என்று கூப்பிடும் பையன்: 'உடான்' பற்றி

2010-ல் வந்த இந்திப் படம் இது, விக்ரமாதித்ய மோட்வானேவுக்கு இயக்குநராக முதல் படம். சமீபத்தில் மறுபடியும் பார்த்தேன், பாதியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் தொடர முடிந்தது.

சிம்லா விடுதிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, எட்டு வருஷம் ஒரு தடவைகூட வந்து பார்க்காத அப்பாவின் வீட்டுக்கு ஜாம்ஷெட்பூர் திரும்புகிறான் பதினேழு வயது ரோஹன். அங்கே போனால் ஆறு வயதில் ஒரு தம்பி இருக்கிறான், அதுவே இவனுக்குப் புதுச் செய்தி. வீட்டில் அப்பா என்று கூப்பிடக் கூடாது, 'சார்'தான். எழுத்தாளனாக வேண்டும் என்கிற பையன் இன்ஜினியரிங் படிக்க வேண்டும், மீதி நேரத்தில் அப்பாவின் பட்டறையில் வேலை பார்க்க வேண்டும்.

ரோனித் ராய் நடித்திருக்கும் அந்த அப்பா எந்நேரமும் கத்திக்கொண்டிருப்பவர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. காலையில் மகனை ஓடக் கூட்டிப்போகிறார், ஒழுக்கம் பேசுகிறார், தான் செய்வதெல்லாம் பிள்ளைகளின் நல்லதுக்குத்தான் என்று மனசார நம்புகிறார், எப்போது கை ஓங்கும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது, அதனால் அவர் சும்மா உட்கார்ந்து சாப்பிடும் காட்சியில்கூட நாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு இந்தப் பார்வை ரொம்பப் பழக்கமானது.

ரோஹனாக வரும் ரஜத் பர்மேச்சா அதிகம் பேசுவதில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். ஆனால் தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவனுக்குக் கதை சொல்ல ஆரம்பிக்கிறான் பாருங்கள், அக்கம்பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களும் ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள். எழுத்தெல்லாம் உருப்படாத வேலை என்று வீட்டில் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும் பையனுக்குக் கிடைக்கும் முதல் வாசகர்கள் அவர்கள். எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் இதுதான், அந்தக் குழந்தைக்கு அடிபட்டது எப்படி என்று தெரிந்துகொண்டே பார்ப்பதால் இன்னும் கனக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அப்பாவின் அடுத்த கல்யாணப் பேச்சு சட்டென்று வந்து போகிறது, அந்தப் பெண்ணின் பக்கம் படம் திரும்பிப் பார்க்கவே இல்லை. இடையில் கொஞ்சம் மெதுவாகவும் நகர்கிறது. அமித் திரிவேதியின் இசை பெரும்பாலும் அழகு.

கான் விழாவின் 'அன் சர்ட்டன் ரிகார்ட்' பிரிவுக்குத் தேர்வான படம், ரோனித் ராய்க்கு ஃபிலிம்பேர் துணை நடிகர் விருதும் கிடைத்தது. அதெல்லாம் சரி, ராம் கபூர் நடித்த சித்தப்பாவைக் கவனியுங்கள். நல்ல மனுஷன், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அண்ணனை எதிர்த்துப் பேசவும் பேசுகிறார். பேசி முடித்துவிட்டு அவர் தன் வீட்டுக்குப் போய்விடலாம், பிள்ளைகள் இரண்டும் ராத்திரி அதே வீட்டில்தான் படுக்க வேண்டும்.