முதல் வருட லீவில் எது: ஆன்லைன் கோர்ஸா, கம்பெனிப் பயிற்சியா?

கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கோவைக் கல்லூரிகளில் வந்து சேரும் பிள்ளைகளில் பலர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரிகள். படிப்பு முடிந்ததும் என்ன என்று கேட்டால், "கேம்பஸ்ல வேலை கெடைச்சுருங்க" என்பார்கள். கேம்பஸுக்கு வருகிறவர்கள் எதைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது. அதனால்தான் முதல் பெரிய லீவை எதில் செலவிடுவது என்பது முக்கியமாகிறது.

ஆன்லைன் கோர்ஸை எடுத்துக்கொள்வோம். வீடியோவை ஓடவிட்டாலே சான்றிதழ் தருகிறவற்றை நான் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வேறு ரகம். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் போடுகிறார்கள். ஐடி பக்கம் போக நினைப்பவருக்கு நல்ல வழிதான். ஆனால் அது பெரும்பாலும் செமஸ்டரோடு சேர்ந்தே ஓடும். கணக்குப் பாடத்தில் தடுமாறுகிற முதலாமாண்டு மாணவர் அதையும் தலையில் ஏற்றிக்கொண்டு அரியர் வைத்தால், பல கம்பெனிகளின் முதல் வடிகட்டலிலேயே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது கம்பெனிப் பயிற்சி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தரப் பரிசோதனை மேசையில் இரண்டு வாரம் நின்று பாருங்கள். துணியில் 100 சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாக வெட்டித் தராசில் வைப்பார்கள். 1.8 கிராம் காட்டினால், 100-ஆல் பெருக்கி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். ஆர்டர் கொடுத்த பையர் 180 கேட்டிருக்க, துணி 165 வந்தால்? துணி பின்னும் நிட்டிங்கிலா, சாயமேற்றும் டையிங்கிலா, துணியைச் சுருக்கி இறுக்கும் காம்பேக்டிங்கிலா, எங்கே பிசகியது என்று தேடுவார்கள். அப்புறம் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதை மறைக்காமல் பையருக்கு மெயில் எழுத வேண்டும். காரணத்தைத் தேடுவது, கெட்ட செய்தியை நாலு வரியில் தெளிவாகச் சொல்வது: இரண்டும் எந்த வேலைக்கும் உதவும், ஐடிக்கும்கூட.

மெக்கானிக்கல்காரருக்குப் பம்ப் கம்பெனியில் டிராயிங் படிப்பதும், 0.01 மில்லிமீட்டர் வரை மைக்ரோமீட்டரில் அளப்பதும் கிடைக்கும். பி.காம் பிள்ளைகளுக்கு ஆடிட்டர் ஆபீஸ் போதும். மாதாமாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் தேதிகள் துரத்தும் இடத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள் தானாகக் கைக்கு வரும்.

படிப்பும் தொழிற்சாலையும் கலந்து ஐந்து வருடம் ஓடும் சாண்ட்விச் பி.இ. கோவை பிஎஸ்ஜி டெக்கில் இருக்கிறது. இந்த ஊருக்கு இது புதிய யோசனை அல்ல.

குறையும் உண்டு. சில இடங்களில் பையனைப் பேக்கிங்கில் நிறுத்திவிட்டு, கடைசி நாளில் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஷிஃப்ட் நேரமும் பஸ்ஸும் பெரிய கேள்வி. எந்தப் பிரிவு, சொல்லித்தரப் போவது யார், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

என் முடிவு: முதல் பெரிய லீவு கம்பெனிக்கு. அரியர் இல்லாமல் இரண்டாம் ஆண்டுக்கு வந்தபின் ஒரே ஒரு என்பிடெல் பாடம். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சி வகுப்பு கல்லூரியிலேயே நடந்தால் அதை விடாதீர்கள். பயிற்சிக்கு இடம் தேட, துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தத்தில் மாமாவோ சித்தப்பாவோ கம்பெனியில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். லீவு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே கேளுங்கள்.