கனடா விசாவுக்கு முகவரிடம் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்: 6,800 வெள்ளி பறிபோனது

கனடாவில் பிரசவத்துக்குக் காத்திருந்த தங்கையைப் பார்க்க அம்மாவுக்கும் எனக்கும் விசா எடுத்துத் தருவதாகச் சொல்லி, மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு விசா முகவர் எங்களிடம் 6,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கினார். விசா வரவில்லை, பணமும் திரும்பவில்லை. போதாக்குறைக்கு எங்கள் இருவர் பெயரிலும் கனடியக் குடிநுழைவுத் துறையில் நிராகரிப்புப் பதிவு ஏறிவிட்டது. போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருவொன்றில், கடைவீட்டின் மாடியில், சுவர் நிறைய வெளிநாட்டுக் கொடிகளை ஒட்டி வைத்து, மாணவர் விசா, வேலை அனுமதி, குடியேற்றம் என்று எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்லும் அலுவலகம் அது என்பது மட்டும் போதும்.

மலேசியக் கடப்பிதழோடு பிரிட்டனுக்குச் சுற்றிப் பார்க்கப் போவதென்றால் மின்னணுப் பயண அனுமதி போதும். கனடா அப்படியில்லை. சிங்கப்பூர்க்காரர்களுக்கும் புருணைக்காரர்களுக்கும் கிடைக்கும் அந்தச் சலுகை நமக்கில்லை. முழு விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி அறிக்கை, அழைப்புக் கடிதம் என்று ஆவணங்கள் நீண்டுகொண்டே போவதால்தான் நம்மவர்கள் முகவர்களைத் தேடிப் போகிறார்கள், அவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அந்த மனிதர் எங்களிடம் விசாவைப் பற்றி முதலில் பேசவே இல்லை. அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கீழேயிருந்து தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வரவழைத்துக் கொடுத்துவிட்டு, எந்த ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள் என்று விசாரித்தார். கூலிம் பக்கம் என்று அம்மா சொன்னதுதான் தாமதம், "எங்க பாட்டியும் அந்தப் பக்கம் பால்மரம் வெட்டினவங்கதாம்மா, நீங்க எனக்கு அம்மா மாதிரி" என்றார். கால் மணி நேரத்தில் பழைய கங்காணி, தோட்டத்துக் கோயில் திருவிழா, தீமிதி என்று பேச்சு எங்கெங்கோ போய், அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சந்தையில் பத்துக் காசுக்குக்கூடப் பேரம் பேசுகிறவர், கைப்பையைத் திறந்து முன்பணத்தைத் தாமாகவே எண்ணிக் கொடுத்தார். மீதியை நான் டியூட்நவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்று வழியாக அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் கணக்குக்கு. கேட்டதற்கு, நிறுவனக் கணக்கு பராமரிப்பில் இருப்பதாகப் பதில் வந்தது. ரசீதில் "தூதரகக் கட்டணம்", "விரைவுக் கட்டணம்", "சேவைக் கட்டணம்" என்று மூன்று வரிகள் இருந்தன. மொத்தம் 6,800 வெள்ளி, நூறு விழுக்காடு உத்தரவாதம்.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் கோப்பு ஒட்டாவாவில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்து அங்கே விடுமுறை என்றார்கள், பிறகு கணினிக் கோளாறு என்றார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) நான் அனுப்பிய செய்திகளில் நீலக் குறி விழும், பதில் மட்டும் வராது. நேரில் போனால் முன்மேசைப் பெண், "பாஸ் கேஎல் போயிருக்காரு அண்ணே, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்பார். உள்ளறையில் அவர் போனில் சிரித்துப் பேசும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். தங்கைக்குக் குழந்தை பிறந்து, அம்மா கட்டிவைத்த பிரசவ மருந்துப் பொட்டலங்களெல்லாம் அலமாரியிலேயே கிடந்தன.

கடைசியில் கோப்பைக் கொடுக்காமல் நகரமாட்டேன் என்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் சில தாள்களைக் கையில் திணித்தார்கள். அவற்றில் ஒன்று, கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வரச்சொல்லி கனடியத் துறை அனுப்பிய கடிதம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. கீழிருந்த தாள் நிராகரிப்புக் கடிதம். விண்ணப்பப் படிவத்தில் மின்னஞ்சல் என்ற இடத்தில் அந்தக் கடையின் மின்னஞ்சல், தொலைபேசி என்ற இடத்தில் அவருடைய கைப்பேசி எண். ஆகவே கனடாவிலிருந்து வந்த ஒவ்வொரு செய்தியும் அவருக்குத்தான் போயிருக்கிறது. எங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை. அதைவிட வயிற்றைக் கலக்கியது, பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மாவைத் "துணிக்கடை உரிமையாளர்" என்று அவர் நிரப்பி வைத்திருந்தது. பொய்த் தகவல் கொடுத்ததாகக் கனடா முடிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் தடை விதிக்கலாம். அந்தப் படிவத்தில் முகவர் என்று அவருடைய பெயர் எங்குமே இல்லை. அரசாங்கத்தின் பார்வையில் அந்தப் பொய்யைச் சொன்னவர் என் அம்மாதான்.

இனி அம்மா எப்போது கனடாவுக்கு விண்ணப்பித்தாலும், முன்பு விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதி விளக்கமும் கொடுத்தாக வேண்டும். பணத்தைக்கூட ஒருநாள் மீட்டுவிடலாம், இந்தக் கறையை எந்த நடுவர் மன்றமும் துடைத்துத் தராது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தில் மலாயில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்: செலுத்திய பணம் திருப்பித் தரப்படாது. இப்போது கணக்கைப் பாருங்கள். பார்வையாளர் விசாவுக்குக் கனடா வாங்குவது ஒருவருக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85 டாலர். இருவருக்கும் சேர்த்து 370 டாலர்; நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிதான் வரும். அதிலும் இந்த விசாவுக்குப் பணம் கட்டி விரைவுபடுத்தும் வழி என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்படியிருக்க 6,800 வெள்ளி எதற்கு? தே தாரிக்குக்கா?

விவரமான வழிகாட்டியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. இவற்றையாவது கவனியுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலும் உங்கள் எண்ணும்தான் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து நகல் வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தைக் கையாளும் ஆலோசகர், அந்நாட்டின் குடிநுழைவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றிருக்க வேண்டும், அல்லது அங்குள்ள வழக்கறிஞராக இருக்க வேண்டும். கல்லூரியின் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஐ.எம்.எம். 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் தம் பெயரைப் போட மறுப்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில், அதுதான் திரிபியூனலில், 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. எங்கள் 6,800 வெள்ளிக்காக நான் திங்கட்கிழமை அங்கே மனுக் கொடுக்கப் போகிறேன். மேலே சொன்ன அடையாளங்களுள்ள மாடியில் நீங்களும் பணம் கட்டியிருந்தால், ரசீதின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பணம் போன கணக்கின் பெயர் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.