வாசலினா, ஃபெல்ட் வளையமா?

கேரவனைப் பல மாதம் நிறுத்திவைத்துவிட்டு பேட்டரிப் பெட்டியைத் திறந்தால், முனைகளில் பச்சையும் நீலமுமாகப் பொடி பூத்திருக்கும். ஈய அமில பேட்டரியின் அமில ஆவி செம்பைத் தின்றதன் அடையாளம் அது.

இதைத் தடுக்க, அரிப்பைத் தடுக்கும் மருந்து ஊறிய ஃபெல்ட் (அழுத்திய நார்த்துணி) வளையத்தை முனையின் அடியில் மாட்டி, மேலே கேபிளின் கிளாம்பை இறுக்கினால் நீண்ட நாள் கவலையில்லை. ஆனால் முனையின் அடியில் கசிவதைத்தான் அது உறிஞ்சும். மூடிகளின் வழியே எழும் ஆவியை மறிக்காது. கேபிளை போல்ட் போட்டு இறுக்கும் முனைகளில், வளையத்தைக் கேபிளுக்கும் முனைக்கும் நடுவே வைத்தால் மின்சாரத்துக்கே தடை.

வாசலின் முனையை முழுவதும் மூடிவிடும். வெயிலில் இளகி வழியும், தூசி ஒட்டும், அவ்வப்போது புதிதாகப் பூச வேண்டும். இருந்தும் என் கை அதைத்தான் எடுக்கும். முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். சமையல் சோடா கரைசலால், அது பேட்டரிக்குள் இறங்காமல் துடைத்து, உலர்த்தி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இணைப்பை இறுக்கிய பிறகே பூசுங்கள். பொடியின் மேலேயே பூசினால் அரிப்பு உள்ளே தொடரும்.

சார்ஜர் 12 வோல்ட் பேட்டரிக்கு ஓயாமல் 14.4 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டுமே தோற்கும். அதை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.