பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ் சரிப்படுமா? கடலூர் பள்ளிகளை மனத்தில் வைத்து ஒரு மதிப்புரை

ஆண்டுக்கு இரண்டு, மூன்று லட்சம் ரூபாய் புழங்கும் கழகத்துக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளை வாங்குவது அதிகப்படி. கோடு போட்ட நோட்டு மட்டும் என்றால் போதாது. இரண்டுக்கும் நடுவில், காசு கொடுக்காமல் கிடைக்கும் இணைய விரிதாள் கூகுள் ஷீட்ஸ். பட்ஜெட் போடவும், நிதி திரட்டியதில் கையில் உண்மையாக எவ்வளவு நின்றது என்று பார்க்கவும் இது அருமையான கருவி. ரொக்கப் புத்தகத்தையும் ரசீது புத்தகத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் நம்பினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள். மதிப்பெண் கேட்டால் 5க்கு 4. குறையும் அந்த 1 எதனால் என்பதையும் கீழே சொல்கிறோம்.

முதலில் செய்ய வேண்டியது கழகத்தின் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் திறப்பது. செயலாளரின் சொந்த ஜிமெயிலில் ஷீட்டைத் திறந்தால், அவர் பிள்ளை பிளஸ் டூ முடித்துப் போகும்போது கணக்கும் கூடவே போய்விடும். தனி ஜிமெயிலின் மீட்பு எண்ணாகப் பள்ளி அலுவலக எண்ணைக் கொடுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைமையாசிரியர் அறை பீரோவில் வையுங்கள். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதால் கோடை விடுமுறையிலும் ஒருமுறை உள்ளே போய் வருவது நல்லது. பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும் எடிட்டர் உரிமை. மற்ற நிர்வாகிகளுக்குப் பார்க்கும் உரிமை போதும்.

அடுத்தது தேதி. பலரும் சறுக்குவது இங்கேதான். ஷீட்டின் லொக்கேல் (எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் 05/06 என்று அடித்த ஜூன் 5, மே 6 ஆகிவிடும். 15/06 என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் கிடையாதே, அது தேதியாகவே ஏறாது; வெறும் எழுத்தாக நிற்கும். மாத வாரியாகக் கூட்டும் சம்இஃப்ஸ் சூத்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, தொகை மட்டும் குறையும். ஃபைல், செட்டிங்ஸ் போய் லொக்கேலை இந்தியா என்று மாற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதியாக ஏறியிருக்கிறது. இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்தாக ஏறியிருக்கிறது. (நீங்களே இடம் வலம் மாற்றி வைக்காதவரை இந்த அடையாளம் பிசகாது.) ரசீது எண் 0187 என்றால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். அந்தப் பத்தியை முன்கூட்டியே 'பிளெய்ன் டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள்.

பதிவுத் தாள் ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஒரு வரிக்கு ஒரு பரிமாற்றம்: தேதி, வரவா செலவா, தலைப்பு, விவரம், ரசீது அல்லது வவுச்சர் எண், ரொக்கமா வங்கியா, தொகை, நிதியாண்டு, கல்வியாண்டு. கடைசி இரண்டு பத்தியும் தேவைதானா என்று தோன்றும். தேவைதான். தணிக்கை ஏப்ரல் முதல் மார்ச் வரை கேட்கும், பெற்றோர் ஜூன் முதல் ஏப்ரல் வரை கேட்பார்கள். ஏப்ரலில் நடக்கும் பிரிவு உபசாரச் செலவு பெற்றோர் பார்வையில் முடிகிற கல்வியாண்டுக்கு உரியது, தணிக்கையாளர் பார்வையில் புது நிதியாண்டுக்கு உரியது. இரண்டு பத்தியும் இருந்தால் ஒரே பதிவிலிருந்து இரண்டு அறிக்கையும் எடுக்கலாம். மாதத்துக்கு ஒரு தாள், நிகழ்ச்சிக்கு ஒரு தாள் என்று பிரித்தால் ஆண்டு முடிவில் கூட்டும்போது ஏதாவது ஒன்று விடுபடும்.

தலைப்பை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். ஒருவர் நூலகம் என்பார், இன்னொருவர் லைப்ரரி என்பார், மூன்றாமவர் நூலகம் என்று அடித்துப் பின்னால் ஒரு இடைவெளியும் விடுவார். கண்ணுக்கு ஒன்றுதான், சூத்திரத்துக்கு மூன்றும் வேறு. டிராப்டவுன் (தேர்ந்தெடுக்கும் பட்டியல்) வைத்து, பட்டியலில் இல்லாததை ஏற்காதபடி 'ரிஜெக்ட்' என்று அமையுங்கள். பத்துப் பன்னிரண்டு தலைப்புக்கு மேல் வேண்டாம்.

இனி பட்ஜெட் தாள். இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருக்களில் பெரும்பாலும் மூன்றே பத்திதான்: திட்டம், செலவு, மிச்சம். இது போதவே போதாது. 'ஒப்புக்கொண்டது' என்று நான்காவதாக ஒரு பத்தி வேண்டும். உதாரணமாக, விளையாட்டுக்கு 40,000 ஒதுக்கி 18,000 செலவாகியிருக்கிறது. மிச்சம் 22,000 என்று ஷீட் காட்டும். ஆனால் 15,000 ரூபாய்க்குக் கைப்பந்து வலையும் கம்பமும் சொல்லியாகிவிட்டது, பில்தான் இன்னும் வரவில்லை. உண்மையில் மிச்சம் 7,000. கூட்டத்தில் 22,000 என்று படித்தால் கேரம் போர்டு, செஸ் போர்டு என்று அங்கேயே இன்னொரு தீர்மானம் போட்டுவிடுவார்கள். கழகங்கள் ஜனவரியில் கடனில் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்ஓ மெஷின் பராமரிப்பு ஒப்பந்தம், ஆண்டு விழா ஷாமியானா மாதிரி முன்பணம் கொடுத்தவை எல்லாம் இந்தப் பத்திக்குத்தான் வர வேண்டும். போன ஆண்டின் உண்மைச் செலவையும் பக்கத்திலேயே வையுங்கள். அது இல்லாமல் போடுகிற பட்ஜெட் வெறும் ஆசைப்பட்டியல்.

கடலூருக்கு என்று ஒரு வரி கட்டாயம்: மழைக்கால அவசர இருப்பு. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் என்று இந்த ஊரின் வரிசை நீளமானது. தண்ணீர் வடிந்த மறுநாள் மோட்டார் காயில், கழிவறைத் தொட்டி, குடிநீர்த் தொட்டிக்கு பிளீச்சிங், சாய்ந்த மரம் என்று நான்கு பக்கமும் செலவு வரும். அரசு உதவி வரும்வரை ஒரு வாரமாவது தாங்க வேண்டும். மொத்த வரவில் பத்தில் ஒரு பங்கை ஜூலையிலேயே ஒதுக்கி, டிசம்பர் கடைசி வரை தொடக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். ஷீட்டில் 'புரொடெக்ட் ரேஞ்ச்' போட்டு அந்த வரியைப் பூட்டலாம். தீர்மானம் இல்லாத பூட்டு உதவாது, எடிட்டர் நினைத்தால் பதிவுத் தாளில் வேறு தலைப்பில் எழுதிக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளி என்றால் இன்னொரு எச்சரிக்கை. சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 251 முதல் 1,000 பேர் வரை என்றால் 75,000 ரூபாய், அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. அந்தப் பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பு. கழகக் கணக்கோடு ஒரே ஷீட்டில் கலக்காதீர்கள். பினாயில் மானியத்திலிருந்து வாங்க வேண்டியது, கழகக் காசில் வாங்கியாகிவிட்டது என்ற குழப்பம் இங்கிருந்துதான் கிளம்பும்.

நிதி திரட்டுவதில் ஷீட்ஸ் உண்மையாகவே கண்ணைத் திறக்கும் இடம் நிகர வரவு. உணவுத் திருவிழாவில் 42,000 வந்தது என்று மைக்கில் சொல்வார்கள். சிலிண்டர், பந்தல், பேப்பர் தட்டு, மிஞ்சிய மாவு எல்லாம் சேர்த்து 27,500 போனால் நின்றது 14,500தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு குறியீடு கொடுத்து (உணவுத் திருவிழாவுக்கு உதி25, முந்திரி விற்பனைக்கு முந்25 என்கிற மாதிரி) பதிவுத் தாளில் ஒரு பத்தி சேருங்கள். பிவட் டேபிள் (குறியீடு வாரியாகக் கூட்டிக் காட்டும் சுருக்க அட்டவணை) போட்டால் எது உழைப்புக்கு ஏற்ற பலன் தந்தது என்று ஒரு பார்வையில் தெரியும்.

நம் மாவட்டத்தில் எளிதாகப் போகக்கூடியது பண்ருட்டி முந்திரி. பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால் ஆர்டர் எடுத்து, முன்பணம் வாங்கிய அளவுக்கு மட்டும் கொள்முதல் செய்தால் தேங்காது. கிலோவுக்கு 120 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தாலும் 50 கிலோவுக்கு 6,000. அதில் வண்டி வாடகையும் பொட்டலமும் கழியும். முழுப் பருப்பு என்று சொல்லி உடைசல் கலந்து வந்தால் அடுத்த ஆண்டு யாரும் வாங்க மாட்டார்கள், டபிள்யூ 320 போன்ற தரக் குறியீட்டை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நீங்களே உடைத்துப் பொட்டலம் கட்டாமல், எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு உள்ளவரிடம் சீல் வைத்த பாக்கெட்டாக எடுப்பது பாதுகாப்பு.

திறந்தவெளி நிகழ்ச்சியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்காதீர்கள். பொங்கல் முடிந்து வைப்பதென்றாலும் தை ஐந்தில் ஆற்றுத் திருவிழா, ஊரே பெண்ணையாற்றங்கரையில் இருக்கும். பிப்ரவரி வந்துவிட்டால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. ஆக, கையில் இருப்பது ஜனவரியின் கடைசி வாரம்தான். பரிசுக் குலுக்கல் சீட்டு விற்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது, பணம் வாங்கிச் சீட்டு கொடுத்துப் பரிசு தருவதும் அந்த வம்பில் கொண்டுபோய் விடும்.

யுபிஐ வரவுக்குக் கழக வங்கிக் கணக்கின் கியூஆர் மட்டுமே வேண்டும், பொருளாளரின் சொந்த கூகுள் பே கூடவே கூடாது. வணிகக் கியூஆரில் ஒரு சிக்கல் உண்டு. பல சேவைகளில் அன்று வந்த பணம் எல்லாம் மறுநாள் ஒரே தொகையாக வங்கியில் விழும். பாஸ்புக்கில் யார் பெயரும் இருக்காது. ஆகவே கூகுள் ஃபார்ம் ஒன்று வையுங்கள்: வகுப்பு, பிரிவு, மாணவர் பெயர், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அந்த எண் இரண்டு முறை வந்தால் செல் சிவப்பாகும்படி கவுண்ட்இஃப் சூத்திரத்தோடு 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' போடலாம். அப்பா ஒரு முறை, அம்மா ஒரு முறை என்று ஒரே பரிவர்த்தனைக்கு இருவர் ஃபார்ம் நிரப்புவது இதில் உடனே பிடிபடும். ஃபார்ம் பதில்கள் விழும் தாளில் கை வைக்காதீர்கள். பக்கத்துப் பத்தியில் எழுதிய சூத்திரம் புதிதாக வரும் வரிக்குத் தானாக இறங்காது. வேறு தாளில் எடுத்து வேலை செய்யுங்கள். மார்ச் 31 அன்று வந்த பணம் ஏப்ரல் 1இல் வங்கியில் ஏறும் என்பதால், 'வழியில் உள்ள தொகை' என்று ஒரு வரி இல்லாமல் ஆண்டுக் கணக்கு பொருந்தாது.

சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது அயல்நாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதிச் சட்டம்) அனுமதி இல்லாத கழகம் வாங்கக் கூடாது. ரசீதில் வரிவிலக்கு உண்டு என்று அச்சடிப்பதும், 80ஜி (நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் வருமான வரிப் பிரிவு) பதிவு இல்லாதவரை தவறு. பெரிய தொகை தரும் கொடையாளர் வரிவிலக்கு கேட்டால், அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தின் வழியே கொடுக்கச் சொல்லலாம். 80ஜி கழிவு பழைய வருமான வரி முறையில்தான் கிடைக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கும் கிடைக்காது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நன்கொடையை டி.சி.யோடும் ஹால் டிக்கெட்டோடும் ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண் குறைவுக்கு வருவோம். ஷீட்ஸில் ஒரு தாளை மட்டும் தனியாகப் பகிர வழியில்லை. பகிர்ந்தால் முழுக் கோப்பும் போகும். தாளை மறைத்து வைப்பது பாதுகாப்பு இல்லை, பார்க்கும் உரிமை உள்ளவர் நகல் எடுத்துத் திறந்து பார்த்துவிடலாம். யார் பணம் கட்டவில்லை என்ற பட்டியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளை படும் பாடு சொல்லி மாளாது. பெற்றோருக்கு என்று வேறு கோப்பு ஒன்று திறந்து, இம்போர்ட்ரேஞ்ச் சூத்திரத்தால் சுருக்கத்தை மட்டும் அங்கே கொண்டுவாருங்கள். அந்தக் கோப்பில் யாருக்கும் எடிட்டர் உரிமை தராதீர்கள், தந்தால் அவர் சூத்திரத்தை மாற்றி மூலக் கோப்பின் மற்ற பகுதியையும் இழுத்துவிடலாம்.

ஃபில்டர் இன்னொரு தொல்லை. ஒருவர் போனில் ஃபில்டர் போட்டால் எல்லோருக்கும் வரிகள் மறையும், பணம் காணோம் என்று பதறுவார்கள். 'ஃபில்டர் வியூ' போட்டால் போட்டவருக்கு மட்டும் அப்படித் தெரியும். தொகை மாறியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் அந்தச் செல்லை ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பாருங்கள். யார், எப்போது, என்ன மாற்றினார் என்று வரும். நோட்டில் வெள்ளை மை தடவியதற்கு இந்த வசதி கிடையாது. எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் இதிலும் பயன் இல்லை, அதனால் அவரவர் ஜிமெயிலிலேயே வேலை செய்யட்டும்.

கையெழுத்து மட்டும் ஷீட்டால் தர முடியாதது. மாதம் முடிந்ததும் பதிவுத் தாளை அச்செடுத்து, வங்கி இருப்போடும் கைரொக்கத்தோடும் ஒப்பிட்டு, வித்தியாசம் பூஜ்யம் என்றால் பொருளாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு ரொக்கப் புத்தகத்தில் ஒட்டுங்கள். பூஜ்யம் வரவில்லை என்றால் முதலில் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் 540ஐ 450 என்று இடம் மாற்றி அடித்திருக்க வாய்ப்பு அதிகம். வகுபடவில்லை என்றால் வித்தியாசத்தின் பாதித் தொகையைத் தேடுங்கள், செலவை வரவில் எழுதியிருக்கலாம்.